ஏற்றுக்கொல்லுங்கள்

பிப்ரவரி 3, திங்கள்

காலையில் சிலிண்டர் வந்தது. பதினொரு மணிக்குப் பத்தாம் வகுப்புத் தமிழ் வழிகாட்டி நூலின் அச்சுப்படி என் மேசைக்கு வந்தது. பரீட்சை தலைக்கு மேல் வந்த பிறகுதான் எங்கள் பதிப்பகத்துக்கு விழிப்பு வரும். முதல் பக்கத்திலேயே 'பள்ளி' 'பல்லி'யாகியிருந்தது. தட்டச்சு செய்யும் ரெபேக்காவைக் கூப்பிட்டுக் காட்டினேன். "பள்ளிக்கூடத்துலயும் பல்லி இருக்கும்ல சார்" என்றாள். இருபத்தாறு வயது. கோபப்பட்டுப் பயனில்லை.

போகிற போக்கில் ஒரு டிக்கெட்டையும் நீட்டினாள். சனிக்கிழமை சாயங்காலம் ஆழ்வார்பேட்டையில் 'மொக்கைப்பட மாலை' என்று ஒரு நிகழ்ச்சியாம். மோசமான பழைய படம் ஒன்றைத் திரையில் ஓட்டிக்கொண்டே, மூன்று பேர் மேடையில் மைக் பிடித்துக் கிண்டல் செய்வார்களாம். அவளோடு வரவேண்டிய தோழிக்கு அம்மை போட்டிருக்கிறது. ஓசி டிக்கெட், ஒப்புக்கொண்டேன்.

தாம்பரத்திலிருந்து அண்ணனின் பத்திரிகை வந்திருந்தது. 23-ஆம் தேதி பேரனுக்குக் காதுகுத்து. 'தங்கள் வருகையை ஆவளுடன் எதிர்பார்க்கும்' என்று அச்சடித்திருக்கிறார்கள். கை சும்மா இருக்கவில்லை, சிவப்புப் பேனாவால் திருத்திவிட்டேன். நீரஜா பார்த்துச் சிரித்தாள். "ஃபங்ஷனுக்குப் போய் உங்க அண்ணனுக்கும் மார்க் போடுங்க" என்றாள்.

அவளுடைய இந்தி டியூஷன் ஏழு மணிக்கு முடிந்தது. அப்புறம் நாக்பூர் அக்காவுடன் போன். அக்காவின் பேரனை இவள் போனில் கொஞ்சும்போது 'பாளா', 'சகளே', 'கேளி' என்று என்னென்னவோ வரும். எனக்கு மராட்டி இன்றுவரை பிடிபடவில்லை. போனை வைத்துவிட்டு "சாப்டாச்சா?" என்றாள். வேறு மாதிரி கேட்கவே மாட்டாள். நாளைக்கு மூலி வாங்கி வரச் சொன்னாள். அவளுக்கு முள்ளங்கி மூலிதான், மிளகாய் மிர்ச்சிதான், வெள்ளிக்கிழமை ஃப்ரைடேதான். கல்யாணமாகி முப்பது வருடமாகப் போகிறது, நாக்பூர் இன்னும் நாக்கை விட்டுப் போகவில்லை.

பிப்ரவரி 5, புதன்

மூலி வாங்க மறந்துவிட்டேன். இரண்டாவது நாளாக.

பிப்ரவரி 8, சனி

நிகழ்ச்சிக்குப் போய்வந்தேன். ஏதோ பழைய படம். நன்றாகச் சிரித்தோம். எனக்கு ஒரு பரிசுகூடக் கிடைத்தது. என்ன படம் என்று நீரஜா கேட்டாள். பேர் ஞாபகமில்லை என்றேன். தலை வலிக்கிறது.

பிப்ரவரி 9, ஞாயிறு

நேற்று எழுதியது பொய். வேறு யாரும் படிக்காத நோட்டிலேயே பொய் எழுதியிருக்கிறேன்.

படத்தின் பேர் எனக்கு நன்றாகத் தெரியும். 'மாங்கல்யப் புயல்', 1995. அதில் நான் உதவி இயக்குநர். நீரஜா கதாநாயகி. 'மின்னல்ஸ்ரீ' என்று டைரக்டர் அவளுக்குப் பேர் வைத்தார். பத்து நாள் ஓடிய படம். யார் பெட்டியில் எங்கே கிடந்ததோ, எங்கிருந்து தோண்டி எடுத்தார்களோ தெரியாது.

திரையில் பேர் விழுந்ததும் எழுந்து வந்திருக்கலாம். ரெபேக்கா வழியை அடைத்து உட்கார்ந்திருந்தாள் என்று எனக்கே ஒரு சாக்குச் சொல்லிக்கொண்டேன். ஐந்து நிமிடத்தில் எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. புயல் காட்சியில் இரண்டு பெரிய மின்விசிறியும் ஒரு சாக்குச் சருகும்தான் புயல். ஓர் இடத்தில் பக்கெட்டோடு ஒரு கை கேமரா சட்டத்துக்குள் வந்து மழையைக் கொட்டிவிட்டுப் போகிறது. "வருண பகவான் வாட்ச் கட்டியிருக்காருடா" என்றார் மேடையில் ஒருவர். அந்தக் கையும் வாட்சும் என்னுடையவை. யாரும் பார்க்காமல் கையை மடியில் வைத்துக்கொண்டேன்.

அப்புறம் அந்த இடம் வந்தது. நாயகன் காலடியில் நீரஜா விழுகிறாள். 'என்னை மனைவியாக ஏற்றுக்கொள்ளுங்கள் அத்தான்' என்று சொல்ல வேண்டும். அவள் சொன்னது, 'ஏற்றுக்கொல்லுங்கல் அத்தான்.'

நூற்றைம்பது பேரும் கூரை பிய்ந்துபோகிற மாதிரி சிரித்தார்கள். அந்த இடத்தை நான்கு முறை திருப்பிப் போட்டார்கள். "ஏத்திக் கொல்லணுமாம்டா. எதை ஏத்தி?" என்று மைக் பிடித்தவர் கேட்டார். ஆளுக்கொரு வண்டியாகச் சொன்னார்கள். ஆட்டோ. பஸ். ரோடு ரோலர். மைக் எங்கள் வரிசைக்கு வந்தது.

"தண்ணி லாரி" என்றேன்.

இந்த ஊரில் அதற்கு எப்போதும் மதிப்பு உண்டு. அன்றைக்குப் பெரிய கைதட்டு எனக்குத்தான். அந்த வசனம் அச்சடித்த காபி கப்பைப் பரிசாகக் கொடுத்தார்கள். "சார், அந்தக் காலத்துல இந்தப் படத்தைப் பார்த்துத் தப்பிச்சவரா நீங்க?" என்று கேட்டார் மைக் பிடித்தவர். "இல்லங்க, இதான் முதல் தடவை பாக்கறேன்" என்றேன். நல்லவேளை, நாக்கை வாடகைக்கு எடுத்த ஹீரோயினிடமிருந்து முப்பது வருடம் தப்பித்துவிட்டீர்கள் என்றார். அதற்கும் சிரித்தேன்.

திரையில் அவளுக்கு இருபத்தொரு வயது. கன்னத்தில் வழிந்தது நிஜக் கண்ணீர். கிளிசரின் போடவில்லை, எனக்குத் தெரியும்.

பிப்ரவரி 10, திங்கள்

கப்பை அலுவலக மேசையின் கீழ் இழுப்பறையில், பழைய அகராதிக்குப் பின்னால் வைத்துவிட்டேன்.

இன்று வந்த பாடம் மயங்கொலிச் சொற்கள். 'கொல் - உயிரை எடு. கொள் - பெறு.' பிழை ஏதும் இல்லை. கையெழுத்துப் போட்டு அனுப்பினேன்.

வீட்டில் இந்தக் கிண்டல் ஒன்றும் புதிதில்லை என்று மனதைத் தேற்றிக்கொள்கிறேன். எங்கள் குடும்ப விசேஷம் எதுவானாலும் தாம்பரம் அருணகிரி அண்ணன் இலையில் உட்கார்ந்ததும் ஆரம்பிப்பார். "என்னம்மா, ஏத்திக் கொல்லலாமா?" என்பார். எல்லோரும் சிரிப்பார்கள். நீரஜாவும் சிரித்துக்கொண்டே "என்ன பண்றது மாமா, என் நாக்கு திரும்பல" என்பாள். முப்பது வருடமாக அதே கேள்வி, அதே பதில். அவளுக்கு அது பழகிப்போயிருக்கும்.

பிப்ரவரி 13, வியாழன்

எங்கள் குடியிருப்பு வாட்ஸ்அப் குழுவில் யாரோ ஒரு வீடியோவைப் போட்டிருக்கிறார்கள். 'நம்ம சி பிளாக் மாசிலாமணி அங்கிள் கலக்கிட்டார்' என்று மேலே ஒரு வரி. அதற்குக் கீழே முப்பத்துநான்கு சிரிப்பு முகங்கள். திரையில் அழுகிற பெண் அதே சி பிளாக்கில் இந்தி டியூஷன் எடுக்கிறவள் என்று யாருக்கும் தெரியாது.

நீரஜாவும் அந்தக் குழுவில் இருக்கிறாள்.

நான் செருப்பைக் கழற்றும்போது சமையலறையிலிருந்து என் குரல் கேட்டது. "தண்ணி லாரி." கைதட்டல். பிறகு, "இல்லங்க, இதான் முதல் தடவை பாக்கறேன்." கொஞ்சம் இடைவெளி விட்டு மறுபடியும் முதலிலிருந்து. அதன் பிறகு போனை அணைத்துவிட்டு வெளியே வந்தாள். கண்ணாடியைத் தலைமேல் ஏற்றிவிட்டுக்கொண்டு, தோசை ஊற்றவா என்று கேட்டாள். மூன்று சாப்பிட்டேன். 

பிப்ரவரி 14, வெள்ளி

டிபன் பாக்ஸில் தயிர் சாதம், எலுமிச்சை ஊறுகாய். எல்லாம் வழக்கம்போல. அவள் ஒன்றும் கேட்கவில்லை.

பிப்ரவரி 15, சனி

இன்றும்.

பிப்ரவரி 16, ஞாயிறு

அவள் விநாயகர் கோயிலுக்குப் போயிருக்கிறாள். வருவதற்குள் எழுதிவிட வேண்டும். எழுத்திலாவது வரட்டும்.

அந்தப் படத்தில் தமிழ் தெரியாத கதாநாயகிக்கு வசனம் சொல்லிக் கொடுப்பது என் வேலை. மூன்று உதவியாளர்களில் இந்தித் தேர்வு எழுதித் தேறியவன் நான் ஒருவன்தான். படத்தின் வசனம் முழுவதையும் அவள் படிக்கிற இந்தி எழுத்தில் மாற்றி எழுதிக் கொடுத்தேன். அறுபத்திரண்டு பக்கம். நான் படித்த இந்தியில் லகரம் ஒன்றுதான். அதனால் தமிழின் லகரத்துக்கும் ளகரத்துக்கும் அந்த ஒன்றையே போட்டுத் தள்ளினேன். படப்பிடிப்பில் அது பெரிதாகத் தெரியவில்லை. பிறகு வேறு யாராவது குரல் கொடுப்பார்கள் என்றுதான் எல்லோரும் நினைத்தோம்.

கடைசியில் விளம்பரத்துக்காகக் கதாநாயகி சொந்தக் குரலில் பேச வேண்டும் என்று முடிவானது. சாலிகிராமத்தில் டப்பிங். டைரக்டர் மஞ்சள் காமாலையில் படுத்துவிட்டார், ரிலீஸ் தேதி முடிவாகியிருந்தது. அந்த நான்கு நாளும் பொறுப்பு முழுக்க என்னிடம். வாழ்க்கையில் முதல் முறையாக என்னை எல்லோரும் 'சார்' என்றார்கள். நான் பக்கத்தில் நின்று ஒவ்வொரு வரியாகச் சொல்லுவேன், அவள் அப்படியே திருப்பிச் சொல்லுவாள். ளகரமெல்லாம் சரியாகவே வந்தது.

அந்த வரிக்கு மட்டும் நான் சொல்லும் வரை அவள் காத்திருக்கவில்லை. காட்சியைப் பார்த்துக்கொண்டே இருந்தவள் அழத் தொடங்கிவிட்டாள். அழுகையோடு, என் தாளைப் பார்த்து, நான் எழுதியிருந்ததை எழுதியிருந்தபடியே படித்தாள். கண்ணாடிக்கு அந்தப்பக்கமிருந்து இன்ஜினியர், "ஓகேவா சார், இன்னொண்ணு போலாமா?" என்று கேட்டார். அவளும் என்னைத் திரும்பிப் பார்த்து, சரியா என்று இந்தியில் கேட்டாள்.

எனக்குக் கேட்டது. தெளிவாகவே கேட்டது. இன்னொன்று என்றால் என் தாள் தப்பு என்று அந்த இன்ஜினியர் முன்னால் ஒப்புக்கொள்ள வேண்டும். 'சார்' ஆகி மூன்று நாள்தான் ஆகியிருந்தது.

"ஓகே" என்றேன்.

தாம்பரம் தியேட்டரில் முதல் காட்சி. அண்ணனும் வந்திருந்தார். அந்த வரிக்கு எழுந்த சிரிப்பு அடங்க ஐந்து நிமிடம் ஆனது. பக்கத்து இருக்கையில் இருந்த அவளுக்கு எதற்குச் சிரிக்கிறார்கள் என்று புரியவில்லை. இடைவேளையில் யாரோ விளக்கிச் சொன்னார்கள். வாசலில் அண்ணன் அவளிடம், "ஏம்மா, நாக்கு புரளலையா?" என்று கேட்டார். அவள் என்னைப் பார்த்தாள். பிறகு அவளுக்குத் தெரிந்த கொஞ்சத் தமிழில், "என் நாக்கு திரும்பல" என்றாள். நான் முறுக்குப் பொட்டலத்தைப் பிடித்தபடி நின்றுகொண்டிருந்தேன்.

அவளுக்குப் பேசியிருந்த இரண்டாவது படத்தில் வேறு பெண்ணைப் போட்டார்கள். மூன்றாவது படம் என்று ஒன்று வரவே இல்லை. தினமும் சாயங்காலம் போய் ஆறுதல் சொன்னேன். உன் மேல் தப்பில்லை என்று ஒரு நாளும் சொல்லவில்லை, பரவாயில்லை என்றுதான் சொன்னேன். எட்டாவது மாதம் பதிவுத் திருமணம். அவள் ஜெயித்திருந்தால் என் பக்கம் திரும்பியிருப்பாளா? இதைத்தான் முப்பது வருடமாக யாரிடமும் சொல்லாமல் வைத்திருக்கிறேன். என் தப்பில் எனக்கு ஒரு பெண்டாட்டி கிடைத்தாள்.

பதிவு அலுவலகப் படிவத்தை நான்தான் நிரப்பினேன். பெண்ணின் முழுப்பேர் என்ன என்று அங்கிருந்த எழுத்தர் கேட்டார். அவள் சொன்னாள், நான் எழுதினேன். நீரஜா காளே. ளகரம் போட்டு என் கையாலேயே எழுதினேன்.

கேட் சத்தம் கேட்கிறது.

பிப்ரவரி 18, செவ்வாய்

'மொக்கைப்பட மாலை'யை மறுபடியும் நடத்துகிறார்களாம். 'தண்ணி லாரி சார்' சிறப்பு விருந்தினராக வரவேண்டும் என்று ரெபேக்காவிடம் கேட்டிருக்கிறார்கள். அந்தப் பெண் வாயெல்லாம் பல்லாக வந்து சொன்னாள். நான் அலுவலகமே திரும்பிப் பார்க்கும்படி கத்திவிட்டேன். "நான் என்ன சார் தப்பு பண்ணேன்?" என்று கேட்டாள். அவள் ஒரு தப்பும் பண்ணவில்லை.

பிப்ரவரி 20, வியாழன்

சொல்லிவிட்டேன்.

டியூஷன் முடிந்து எல்லோரும் போன பிறகு அவள் கூடத்தில் உட்கார்ந்து முறத்தில் உளுந்து பார்த்துக்கொண்டிருந்தாள். எதிரில் போய் உட்கார்ந்தேன். அந்தத் தாளில் தப்பாக எழுதியவன் நான்தான், நீ சரியாகத்தான் படித்தாய், அது என் காதில் அன்றைக்கே விழுந்தது என்று சொன்னேன். மனதுக்குள் நான்கு நாளாக ஒத்திகை பார்த்தது, அரை நிமிடத்தில் முடிந்துவிட்டது.

அவள் கை நிற்கவில்லை. "தெரியும்" என்றாள்.

எப்போதிலிருந்து என்று கேட்டேன்.

"தியேட்டர் வாசல்லேர்ந்து. நான் நீரஜா காளே. அந்த எழுத்து எங்க வீட்டுப் பேர்லயே இருக்கு. அது எனக்கு வராதா?"

காளே. நாக்கு மேலே போய் மடிந்து வந்த சுத்தமான ளகரம். கல்யாணத்துக்குப் பிறகு தமிழ் பேசும்போது அவள் வாயிலிருந்து அந்த எழுத்து வந்து நான் கேட்டதில்லை.

மெதுவாகத்தான் சொன்னாள். வாசலில் அண்ணன் கேட்டபோது பேப்பரில் அப்படித்தான் இருந்தது என்று சொல்ல வாயெடுத்தாளாம். என் முகத்தைப் பார்த்தாளாம். வேலை போய்விடும் என்கிற முகம். அதனால் பழியை அன்றைக்கு ஒரு நாள் மட்டும் தன் மேல் போட்டுக்கொண்டாளாம். மறுநாள் நான் வந்து உண்மையைச் சொல்லுவேன் என்று காத்திருந்தாள். மறுநாள் நான் ஆரஞ்சுப் பழம் வாங்கிக்கொண்டு போனேன். அதற்குப் பிறகு தமிழில் அந்த எழுத்தைச் சரியாகச் சொன்னால், அன்றைக்கு ஏன் வரவில்லை என்று என் வீட்டார் கேட்பார்கள். அதனால் அந்த எழுத்து வருகிற சொல்லையெல்லாம் சுற்றிப் போனாள். மூலி, மிர்ச்சி, ஃப்ரைடே, விநாயகர். சாப்டாச்சா.

ஒரு பக்கத்தில் ஒரு புள்ளி விடுபட்டால் கண்டுபிடிக்கிறவன் நான். வீட்டில் ஓர் எழுத்தே காணாமல் போனது எனக்குத் தெரியவில்லை என்று இங்கே எழுதலாம். அதுவும் பொய்யாகிவிடும்.

"தண்ணி லாரின்னீங்க, அது தமாஷ். நானும் சிரிச்சேன்" என்றாள். "ஆனா இந்தப் படத்தையே பாத்ததில்லைன்னு சொன்னீங்க பாருங்க."

 நான்தான் அழுதேன். அவள் என்னைத் தேற்றவில்லை. முறத்தை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

"இனிமே சுத்தி வளைச்சுப் பேச எனக்கு முடியாது. உள்ளதை உள்ளபடி பேசுவேன். யாராவது ஏன்னு கேட்டா, பதில் சொல்ல வேண்டியது நீங்க. தள்ளுங்க, உளுந்து ஊறப் போடணும்."

பிப்ரவரி 21, வெள்ளி

"இன்னிக்கு வெள்ளி. பிள்ளையார் கோயிலுக்குப் போயிட்டு வரேன்" என்று சொல்லிவிட்டுப் போனாள். இரண்டு ளகரமும் சரியாக இருந்தன.

ரெபேக்காவிடம் மன்னிப்புக் கேட்டேன். என்ன விஷயம் என்று சொல்லவில்லை. அவளிடம் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை.

பிப்ரவரி 22, சனி

நாளைக்குக் காதுகுத்து. காய்ச்சல் வருகிறதா என்று நெற்றியை மூன்று முறை தொட்டுப் பார்த்தேன். வரவில்லை.

பிப்ரவரி 23, ஞாயிறு

தாம்பரத்தில் சின்ன மண்டபம். நாங்கள் போகும்போதே ஆசாரி வந்திருந்தார். வீடியோ எங்களுக்கு முன்னாலேயே போய்ச் சேர்ந்திருந்தது. எங்கள் சொந்தத்துக்கு அது மின்னல்ஸ்ரீ இல்லை, நீரஜா. பெண்டாட்டி படத்தைப் பெண்டாட்டிக்குத் தெரியாமல் போய்க் கிண்டலடித்துவிட்டு வந்தவன் என்று என் முதுகில் தட்டினார்கள். சிரித்தேன் என்றுதான் நினைக்கிறேன்.

பந்தி போட்டார்கள். நான் அண்ணனுக்கு எதிர் வரிசை. முதல் பந்தி முடிகிற நேரத்தில் நீரஜா தாம்பூலத் தட்டோடு வந்தாள். அண்ணன் வாயைத் துடைத்துக்கொண்டு, "என்னம்மா நீரஜா, இப்பத் தண்ணி லாரியும் வந்தாச்சு. ஏத்திக் கொல்லலாமா?" என்றார். நாற்பது பேரும் சிரித்தபடி அவளுடைய வழக்கமான பதிலுக்காகக் காத்திருந்தார்கள்.

அவள் தட்டை நீட்டினாள். "வெற்றிலை பாக்கு எடுத்துக்கொள்ளுங்கள் மாமா."

யாரும் அப்படிப் பேசுவதில்லை. பள்ளிக்கூடத்தில் ஒப்பிப்பதுபோல ஒவ்வோர் எழுத்தாகச் சொன்னாள். நீட்டிய அண்ணன் கை தட்டுக்கு மேலேயே நின்றுவிட்டது. மோர் வாளியைப் பிடித்திருந்த பாக்கியம் அண்ணி கிட்டே வந்தார்.

"இன்னொரு தரம் சொல்லு."

"எடுத்துக்கொள்ளுங்கள்."

"நல்லாத்தானே வருது? அப்ப அன்னைக்கு ஏன் அப்படிச் சொன்னே?"

நீரஜா என் பக்கம் பார்க்கவில்லை.  தட்டோடு அடுத்த இலைக்கு நகர்ந்தாள். பதில் சொல்ல வேண்டியவன் வாயில் பாயசத்தோடு உட்கார்ந்திருந்தேன். விழுங்கினேன். எச்சில் கையோடு எழுந்தேன்.

"நான் எழுதிக் கொடுத்ததைத்தான் அவ படிச்சா அண்ணி. தப்பு என்னோடது. அது எனக்கு அன்னைக்கே தெரியும்."

 காது குத்திய குழந்தை மட்டும் உள்ளே அழுதுகொண்டிருந்தது.

"முப்பது வருஷமாடா?" என்றார் அண்ணன்.

"ஆமாண்ணே."

அவர் என்னைத் திட்டவில்லை. தாம்பூலத்தைப் பார்த்துக்கொண்டே, "ஒவ்வொரு பந்தியிலயும் கேட்டிருக்கேனே" என்றார். அதை என்னிடம் சொல்லவில்லை. பாக்கியம் அண்ணி வாளியைக் கீழே வைத்துவிட்டு நீரஜாவின் கையிலிருந்த தட்டை வாங்கிக்கொண்டார். அதன் பிறகு யாரும் என் முதுகில் தட்டவில்லை.

திரும்பும்போது மின்சார ரயிலில் கூட்டம் இல்லை. அவள் ஜன்னலோரம் உட்கார்ந்தாள். நான் பக்கத்தில் உட்காரலாமா என்று தெரியாமல் எதிரில் உட்கார்ந்தேன். சானடோரியம் போனது, குரோம்பேட்டை போனது. பல்லாவரத்தில் கடலை விற்கிறவர் ஏறினார். பொட்டலம் ஒன்று வாங்கி, கொஞ்ச நேரம் கையில் வைத்திருந்துவிட்டு, என்னைப் பார்த்தாள்.

"சாப்டீங்களா?" என்றாள்.

பாயசத்தைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தவன் மறுபடி இலையில் உட்காரவில்லை. "இல்லை" என்றேன்.

பொட்டலத்தைப் பிரித்து நீட்டினாள். வாங்கிக்கொண்டேன்.